அயர்லாந்தில் டப்ளினைத் தவிர, இரண்டு நாள் நிம்மதியாகத் தங்க ஒரு சின்ன ஊர் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால் பிர் என்பேன். ஓஃபலி கவுண்டியில், நாட்டின் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. கடல் இல்லாததால், கடற்கரைப் பாறைகளைத் தேடி ஓடுகிறவர்கள் கண்ணில் படாமலே போகிற ஊர்.

முதலில் கோட்டைக்குப் போங்கள். 1620-லிருந்து பார்சன்ஸ் குடும்பத்தின் கையில் இருக்கிறது, இன்றும் அவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அதனால் டிக்கெட் வாங்கினாலும் தோட்டம்தான் கிடைக்கும். உள்ளே விடுவது கோடையில், வழிகாட்டியோடு மட்டும். கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆனாலும் தோட்டத்தில் நிற்கும் பழைய தொலைநோக்கிக்காகக் கொடுக்கலாம்.

அதைப் பார்த்ததும் ‘இதுவா?’ என்றுதான் தோன்றும். இரண்டு உயரமான கல் சுவர்கள், நடுவில் சங்கிலியில் தொங்கும் பெரிய மரக்குழாய், அவ்வளவுதான். 1840-களில் மூன்றாம் ரோஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ் உள்ளூர் ஆட்களைப் பழக்கி இங்கேயே செய்தது. பணக்கார வீட்டுப் பெண்ணான அவர் மனைவி மேரியின் சொத்தும் இதில் போயிருக்கிறது. குழாய்க்குள் ஒளியைக் குவிப்பதைக் கண்ணாடி என்கிறோமே தவிர, அது செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம்: 6 அடி குறுக்களவு, சுமார் 3 டன் எடை. உலைக்கு எரித்தது இந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கிய செடிமண். சுவர்களுக்கு நடுவே மாட்டியிருப்பதால் குழாயைப் பக்கவாட்டில் அதிகம் திருப்ப முடியாது; பார்க்க வேண்டியது தானாக நகர்ந்து எதிரே வரும்வரை காத்திருக்க வேண்டும். அயர்லாந்து மேகத்தையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அப்படிக் காத்திருந்துதான் 1845-ல் எம்51 என்ற விண்மீன் மண்டலத்தின் சுருள் வடிவத்தை முதன்முதலாகக் கண்டார். அதே ஆண்டு உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து, நாடே பஞ்சத்தில் விழ, வானம் பார்க்கும் வேலை சில காலம் நின்றது. 1917-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலக் கண்ணாடி வரும்வரை உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இதுதான்.

அதே தோட்டத்தில் 10 மீட்டருக்கு மேல் வளர்ந்த பாக்ஸ் செடி வேலி இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

மதியம் ஊருக்குள் நடங்கள். எம்மெட் சதுக்கத்தில் உச்சியில் யாருமே இல்லாத ஒரு தூண் நிற்கும். கல்லோடன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கொன்று குவித்த கம்பர்லாந்து டியூக்கின் சிலை அதன் மேல் இருந்தது. 1915-ல் இறக்கிவிட்டார்கள், தூணை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆக்ஸ்மன்டவுன் மால் என்ற மரநிழல் தெரு அழகானது. ஆனால் இந்த ஊருக்கு ஒரு சோகப் பெருமையும் உண்டு. 1869-ல் ரோஸ் குடும்பத்துப் பையன்கள் செய்த நீராவி வண்டியிலிருந்து, நுண்ணோக்கி பற்றி நூல் எழுதிய மேரி வார்டு என்ற பெண்மணி ஒரு வளைவில் விழுந்து, சக்கரத்தில் சிக்கி இறந்தார். மோட்டார் வாகன விபத்தில் இறந்ததாகத் தெரியவரும் முதல் ஆள் அவர்தான்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. சுற்றுவட்டாரச் சின்ன ரோடுகளில் எதிரே வரும் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம், நீங்களும் தூக்குங்கள். பப்பில் பேச்சு வானிலையில் ஆரம்பித்து ‘எந்த ஊர்?’ என்பதில் வந்து நிற்கும். இந்தியா என்றால் விடமாட்டார்கள், எந்தப் பக்கம் என்பார்கள். பதிலுக்கு ஹர்லிங் என்ற அவர்களுடைய மட்டைப்பந்து விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி போடுங்கள். அப்புறம் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் 1888-ல் இந்த ஊரில்தான் நடந்தது, டிப்பரரி கால்வேயை வென்றது. இதை நீங்களே எடுத்துவிட்டால் மரியாதை கூடும்.

சைவம் சாப்பிடுகிறவர் என்றால் சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

ரயில் கிடையாது, அந்தப் பாதையை 1963-லேயே மூடிவிட்டார்கள். டப்ளினிலிருந்து பஸ் உண்டு. கார் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். இரண்டாம் நாள் ஷானன் நதிக்கரையில் உள்ள குளோன்மக்னாய்ஸ் பழைய மடாலயத்துக்கோ, நடக்கப் பிடிக்கும் என்றால் ஸ்லீவ் புளூம் மலைக்கோ போகலாம். அதற்குக் கார் இருந்தால்தான் சரிப்படும். ஆகஸ்டில் விண்டேஜ் வாரம் என்று ஒரு திருவிழா நடக்கும். அந்தச் சமயம் போவதென்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.