தாராவிப் பட்டறைத் தொழிலாளியின் நோய் தேசிய ஆய்வுப் பட்டியலில் இடம்பெற என்ன வழி?

வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள், தாராவியில் தோல்பை செய்யும் நம்மவர்களுக்கு அதில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு கடுமை, தடுக்க முடியுமா என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நயோஷ் (NIOSH) 1996-இல் சுமார் 500 தரப்பினரிடம் கருத்துக் கேட்டு, ஆய்வில் முன்னுரிமை தர 21 துறைகளைத் தேர்ந்தெடுத்தது.

நமக்குச் சிக்கலே அந்த எண்ணிக்கையில்தான். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலையாகக் கணக்கில் வர 10 பேராவது வேண்டியிருந்தது. 2020-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. ஆறு பேர் பரணில் உட்கார்ந்து பசை தடவும் பட்டறை எந்தக் கணக்கில் வரும்? அந்தப் பசையில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்து, காற்றோட்டமில்லாத அறையில் மாதக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு கெட்டுக் கைகால் மரத்துப்போகும். டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதுவார். என்ன வேலை என்று பெரும்பாலும் கேட்பதே இல்லை.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு அமைப்பான மத்திய தொழிலாளர் நிறுவனம் பக்கத்தில் சயானில்தான் இருக்கிறது. ஆனால் புள்ளிவிவரம் இல்லாமல் யார் ஆய்வு செய்வார்கள்? ஓ.பி. சீட்டில் நோயாளியின் தொழிலை எழுத வைப்பதுதான் முதல் வேலை என்பேன். அதுவரை, டாக்டரிடம் போகும்போது பசை டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துப் போகச் சொல்லுங்கள்.