கவட்டையும் குறுக்குவில்லும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பல வருடமாக அட்டை இலக்கு கட்டி கவட்டை அடித்து வருகிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். கவட்டை பற்றியும், கட்டையின் குறுக்கே வில்லைப் பொருத்தி விசையைத் தட்டி அம்பு எய்யும் குறுக்குவில் (கிராஸ்போ) பற்றியும் வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தேனியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கவட்டை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. துப்பாக்கிக்கு இருப்பது போன்ற உரிம நடைமுறை கவட்டைக்குக் கிடையாது. ஆனால் ஊர் தேனி என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். உங்கள் பக்கத்து மேகமலைச் சரணாலயத்துக்குப் போகும்போது கவட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மனிதர் மேல் பட்டால் அது தனிக் கதை: எய்யும் கருவியால் வேண்டுமென்றே காயப்படுத்தினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

காஞ்சிபுரம்: மாடியில் வற்றல் காயப்போட முடியவில்லை, அவ்வளவு காக்கை. காகத்தை அடிக்கத் தடையில்லை என்கிறார்களே?

அது பழைய கதை அம்மா. முன்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டையாடத் தடையில்லாத உயிரினங்களைச் சொல்லும் ஐந்தாம் அட்டவணையில் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காகமும் இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. பொதுவான அபராதத்தின் உச்ச வரம்பும் 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக ஏறியது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குறி தவறிய முயற்சியும், கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதில் அடங்கும். வற்றலுக்கு மேல் ஒரு வலை கட்டுங்கள், போதும்.

சேலம்: இழுக்கும்போது ரப்பர் அறுந்து கன்னத்தில் அடித்துவிட்டது. கண் தப்பியது. எப்படித் தவிர்ப்பது?

கண் தப்பியது பெரிய விஷயம். முதலில் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள், அது இல்லாமல் இனி இழுக்காதீர்கள்.

ரப்பர் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கல் வைக்கும் தோலோடு சேர்த்துக் கட்டிய இடத்தில்தான் அறும். அடிக்கத் தொடங்கும் முன் அந்தக் கட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பட்டையின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு தெரிந்தால், கட்டு நூலுக்கு அடியில் ரப்பர் நசுங்கியிருந்தால், மேற்பரப்பு பொரிப்பொரியாக வெடித்திருந்தால், தயங்காமல் மாற்றிவிடுங்கள். பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டியதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். பஞ்சர் ஒட்டிய இடம் பட்டையில் வரவே கூடாது. வெயிலில் கிடந்த ரப்பர் சீக்கிரம் வீணாகும், அதனால் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இழுவை சமமாக இல்லாவிட்டால் கல் கவையில் பட்டுத் திரும்பி வரும்.

அப்புறம், இலக்கு. எஃகுக் குண்டைச் சுவரிலோ தகரத்திலோ அடித்தால் அது உங்களை நோக்கியே வரும். இலக்குக்குப் பின்னால் பழைய ஜமுக்காளத்தைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். குண்டின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். பழகும்வரை காய்ந்த களிமண் உருண்டையே நல்லது. பட்டதும் உடைந்துவிடும்.

மதுரை, கல்லூரி மாணவி: இந்த ஆயுதங்களுக்கு நம்மிடம் பழைய சான்று உண்டா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டைப் பொறிகளின் வரிசை வருகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் ‘வளைவிற் பொறி’யும் ‘கல்லுமிழ் கவணும்’ அதில் உண்டு. வளைவிற் பொறியை இன்றைய குறுக்குவில் என்றே சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மதிலில் நின்ற எந்திரம், தோளில் வைத்து எய்த கைக்கருவி என்பதற்கு அந்த வரிகளில் இடமில்லை.

கவண் வேறு, கவட்டை வேறு. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காப்பவர்கள் சுழற்றி எறிவது கவண். அதில் ரப்பருக்கு வேலையே இல்லை. சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பருக்கு 1844-இல் காப்புரிமை வாங்கினார். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் ரப்பர் கிடைத்த பிறகுதான் நம் கவைக்கொம்பு உயிர் பெற்றது.

கையில் ஏந்தும் குறுக்குவில்லுக்குச் சீனாதான் வளமான இடம். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையோடு, நாணை விடுவிக்கும் வெண்கல விசைகளே கிடைத்திருக்கின்றன.

நாகர்கோவில்: போப்பாண்டவர் குறுக்குவில்லைத் தடை செய்தாராமே?

உண்மைதான். 1139-இல் போப்பாண்டவர் தலைமையில் கூடிய திருச்சபையின் இரண்டாம் லாத்தரன் பேரவை, கிறிஸ்தவர்கள் மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. சாதாரண வில்லாளிகளையும் சேர்த்துத்தான் சொன்னது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யாரும் கேட்டபாடில்லை. 1199-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், பிரான்சில் ஷாலூ கோட்டை முற்றுகையின்போது குறுக்குவில் அம்பு பட்டு, புண் புரையோடி இறந்தார். நெடுவில்லுக்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். குறுக்குவில்லைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அதனால்தான் அரசர்கள் இதை எளிதில் கைவிடவில்லை.

லண்டனிலிருந்து ஓர் அக்கா: என் மகனுக்கு 16 வயது. ஆன்லைனில் கிராஸ்போ வாங்கித் தரச் சொல்கிறான்.

வாங்கித் தராதீர்கள் அக்கா. அங்கே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) 1.4 கிலோவுக்குக் குறையாத குறுக்குவில்லை 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கவும் கூடாது, தனியே வைத்திருக்கவும் கூடாது. அந்த 1.4 கிலோ எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள்: கடையில் 150 பவுண்டு இழுவிசை என்று விற்கும் வில்லுக்கு அது ஏறக்குறைய 68 கிலோ. 2021 கிறிஸ்துமஸ் அன்று விண்ட்சர் கோட்டை வளாகத்தில் ஓர் இளைஞர் குறுக்குவில்லோடு பிடிபட்டார். 2023-இல் அவருக்கு 9 ஆண்டு சிறை. அதற்குப் பிறகு அங்கே எல்லோரும் இதை வேறு கண்ணோடுதான் பார்க்கிறார்கள். ஆசை நிஜமென்றால் வில்வித்தைக் கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.

கோவை: இந்தியாவில் குறுக்குவில் வாங்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த எதையும் ஆயுதம் என்கிறது; வீட்டு, விவசாய வேலைக்கென்றே வடிவமைத்த பொருள்களுக்கும் பொம்மையாக மட்டுமே உதவுவதற்கும்தான் விலக்கு. 68 கிலோ இழுவிசையைப் பொம்மை என்று யாரிடமும் வாதாட முடியாது. விற்பவரின் பேச்சை நம்பாமல், போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

எய்யும்போது முன்கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேயே இருக்கட்டும். மேலே நீட்டிய விரலை நாண் நசுக்கிவிடும். அம்பு இல்லாமல் விசையைத் தட்டவே தட்டாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் இரு கைகளில் இறங்கி, வில்லே வெடித்துச் சிதறலாம். அம்பு ஏற்றிய வில்லோடு நடக்கவும் வேண்டாம்.

திருச்சி: பையனுக்கு 8 வயது. கவட்டை கேட்கிறான், கொடுக்கலாமா?

கொடுங்கள், நீங்களும் கூட நின்றால். மென்மையான ரப்பர், களிமண் உருண்டை, பாதுகாப்புக் கண்ணாடி, தொங்கும் ஜமுக்காளம், அதன் முன்னால் ஒரு காலி அட்டைப்பெட்டி. ஐந்து மீட்டரில் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன பிறகே உருண்டையை எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். ஆட்டம் முடிந்ததும் கவட்டை உங்கள் அலமாரிக்குப் போகட்டும்.