ரத்தம் எடுக்கும் வேலை தினமும் எப்படி இருக்கும்?

காலை ஆறரைக்கே லேப் வாசலில் கூட்டம் நிற்கும். எல்லாரும் வெறும் வயிற்றில், காபி குடிக்காத கோபத்தில். ஊசி குத்துவது வேலையில் சின்னப் பகுதிதான். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிட வேண்டும். டியூபுக்கும் வரிசை உண்டு: நீல மூடி, சிவப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா டியூபில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற பொட்டாசியம் கலந்த ரசாயனம் இருக்கிறது. அது சிவப்பில் கொஞ்சம் கலந்தாலே, பொட்டாசியம் ஏறிவிட்டதாகப் பொய் ரிப்போர்ட் வரும்.

வயதானவர்களுக்குப் பல நேரம் ரத்தக்குழாய் கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியால் தடவி, ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி எழும்பும் இடத்தைத் தேடுவேன். இரண்டு முறை குத்தியும் வரவில்லையா, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவேன். மயங்குவது குழந்தைகள் என்று நினைக்காதீர்கள். என் நாற்காலியில் அதிகம் சாய்ந்தது மீசைக்காரர்கள்தான்!