சயாமுக்குப் போனவர்களைத் தேடுவது எப்படி? பகாவ் கேள்வி பதில்

மலாயாவை ஜப்பான் ஆண்ட காலம் பற்றி மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலப் பகாவ் வட்டாரத் தோட்ட மக்கள் கேட்டவையும் பதில்களும்.

தாத்தாவை 1943இல் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. எங்கே தேடுவது?

பெயரிலிருந்து தொடங்காதீர்கள், அம்மா. ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்திருப்பார்கள். முதலில் தோட்டத்தின் பழைய பெயர், டிவிஷன், கங்காணி பெயர், தமிழ்நாட்டில் எந்தக் கிராமம் என்று எழுதுங்கள். பிறகு கூடப் போனவர்கள் யார், அவர்களில் திரும்பியவர் யார் என்று விசாரியுங்கள். திரும்பியவர் வீட்டில் முகாம் பெயர் யாருக்காவது நினைவிருக்கும். நீக்கே, கொங்கொய்த்தா என்று பர்மா எல்லைப் பக்க முகாம் பெயர் வந்தால் 1943 மே, ஜூன் மாதக் காலராவை நினைத்துப் பாருங்கள். மேல் முகாம்களில் மழையும் காலராவும் சேர்ந்தே வந்தன.

அந்தக் காலத்துப் பிறப்பு, இறப்புப் பத்திரத்தில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2603 என்றிருந்தால் 660ஐக் கழியுங்கள்: 1943. ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் சோவா 18 என்றிருந்தால் 1925ஐக் கூட்டுங்கள். மணிக்கணக்கும் தோக்கியோ நேரம், நம் அன்றைய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னே. பத்திரம் போலி என்று கிழித்தெறிந்தவர்கள் உண்டு, கிழிக்காதீர்கள்.

தோட்டக் கோப்புகளுக்குக் கோலாலம்பூர் ஆர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் தேட வேண்டாம். அது நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கானது. கூலிகளுக்குப் பெயர் போட்ட கல் அங்கே கிடையாது.

ஜப்பானிடம் நஷ்டஈடு வாங்க முடியுமா?

1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் போட்டுக் கணக்கை முடித்துவிட்டன. இரண்டரை கோடி வெள்ளி, அதுவும் பொருளாகவும் சேவையாகவும். இரண்டு சரக்குக் கப்பல் வந்தது. குடும்பங்களுக்கு ஒரு காசு பிரித்துத் தரவில்லை. நஷ்டஈட்டு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறேன், ஐசி (அடையாள அட்டை) நகலும் பணமும் கொடு என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

தமிழர் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் செத்தார்களாமே?

ஆசியத் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்தே பெரும்பாலும் சொல்லப்படும் மதிப்பீடு 90,000 பக்கம். அதில் பர்மியர், ஜாவாக்காரரும் அடக்கம். இருக்கிற எண்ணிக்கையே போதுமான கொடுமை, ஊத வேண்டாம்.

பகாவுக்குக் கத்தோலிக்கர்களை மதத்துக்காகவா நாடு கடத்தினார்கள்?

இல்லை. சிங்கப்பூரில் அரிசி தீர்ந்ததால் ஜனத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். 1943 கடைசியிலிருந்து யுரேசிய, சீனக் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து காட்டை வெட்டச் சொன்னார்கள். தலைமை தாங்கிய ஆயர் தெவால் 1945 ஜனவரியில் இறந்தார். நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது கத்தியல்ல, மலேரியா. இங்குள்ள மலேரியாக் கொசு நிழலோடையில் பெருகாது. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்கு வேண்டும். மரம் சாய்ந்ததும் ஓடை வெளியே வந்தது. போருக்கு முன் தோட்டங்கள் ஓடையில் எண்ணெய் தெளித்தன, மலேரியா மருந்தான கொய்னா கொடுத்தன. ஜப்பான் காலத்தில் எண்ணெய் நின்றது. கொய்னாவுக்கு மூலமான ஜாவாவும் ஜப்பான் கையில். தோட்டத்து லயன்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அதே கொசு, அதே சாவு.

கோல பிலா பக்கம் ஜப்பான் படை எத்தனை பேரைக் கொன்றது?

பாரிட் திங்கி, 1942 மார்ச் 16: சீனர் தரப்புக் கணக்கு 675 பேர். இரண்டு நாள் கழித்து ஜெலுபு மாவட்டம் தித்தியில் 1,474. குழந்தைகளும் அதில் சேர்த்தி.

நஷ்டஈட்டு பாரம் எங்கே கிடைக்கும்?

மேலே படியுங்கள்.

ஜப்பான்காரனைக் குறை சொல்வது எதற்கு? கங்காணியும் கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) தான் சயாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்கள்!

*(இன்னொருவர்: எங்கள் கொள்ளுத்தாத்தா கங்காணி. அவரும் சயாமில்தான் செத்தார். வாயை அடக்கிப் பேசுங்கள்.)*

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று உத்தரவு வரும். ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பாதபோது ஆள் வரவில்லை. பிறகு இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். பட்டியல் எழுதியது தோட்டத்து ஆட்கள்தான். தனக்கு வேண்டாதவன் பெயரை எழுதியவரும் உண்டு, ஆளைக் காட்டில் ஒளித்தவரும் உண்டு, ஆட்களோடு தானும் ரயிலேறியவரும் உண்டு. உங்கள் தோட்டத்தில் எது நடந்தது என்று அந்தத் தோட்டத்துச் சாட்சியம்தான் சொல்லும்.

*(முதலாமவர்: அப்படியானால் குற்றமே இல்லையா?)*

எழுதியவனுக்குப் பங்கு உண்டு, தம்பி. உத்தரவு போட்டது யார் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பாட்டிக்கு 93 வயது. எப்படிப் பதிவு செய்வது?

காலையில், அரைமணி மட்டும். போனை ஒரு முழத்துக்குள் வையுங்கள், மின்விசிறியை அணையுங்கள், வீட்டார் குறுக்கே பேச வேண்டாம். தேதி கேட்காதீர்கள். மரவள்ளி எங்கே நட்டீர்கள், துணிக்கு என்ன செய்தீர்கள், லாரி எந்தப் பக்கம் நின்றது என்று கேளுங்கள். தேதியைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம். அழுதால் அன்றைக்கு நிறுத்துங்கள். கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலித்தரம் குறையலாம்.