இரவில் செம்பனைத் தோட்டத்தில் டர்ட் பைக்: வளைவில் பாதை தெரியவில்லையா?

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் நண்பர்களோடு இரவில் டர்ட் பைக் (மண் பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) ஓட்டும்போது வளைவுகளில் மட்டும் பாதை மறைகிறது, சிங்கப்பூரின் செஸ்நட் இயற்கைப் பூங்காவில் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செஸ்நட் வேண்டாம். அங்குள்ள பாதைகள் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும்தான், அதுவும் இரவு 7 மணி வரைதான்.

சிக்கல் விளக்கில் இருக்கிறது. முன்விளக்கு ஹேண்டில்பார் திரும்பும் பக்கம்தான் அடிக்கும். வளைவில் அது கொஞ்சம்தான் திரும்பும் என்பதால், நீங்கள் பார்க்க வேண்டிய வளைவின் உட்பக்கம் இருட்டாகவே கிடக்கும். தலைக்கவசத்தில் ஓர் எல்இடி விளக்கு மாட்டுங்கள், பார்க்கும் பக்கமெல்லாம் வெளிச்சம் வரும். புழுதி கிளம்பினால் மட்டும் அதைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணைக் கூசும்.

அப்புறம், பின்னால் வருபவர் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அவர் விளக்கில் உங்கள் நிழலே முன்னால் விழுந்து பள்ளத்தை மறைக்கும். தோட்டத்தில் அனுமதி வாங்கிவிட்டீர்கள்தானே?