லிஸ்டீரியா என்றால் என்ன? கருத்தரிப்பு சிகிச்சையின்போதே போலோனியை (சூடாக்காமல் அப்படியே நறுக்கிச் சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சியை) ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

லிஸ்டீரியா என்பது உணவு வழியாக உடம்புக்குள் வரும் ஒரு பாக்டீரியா. பல கிருமிகள் குளிரில் அடங்கிவிடும். இது ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்லப் பெருகும். உள்ளே வைத்த தோசை மாவு நாலைந்து நாளில் புளித்துவிடுகிறதே, அந்த மாதிரி.

கர்ப்பமாக இருக்கும் தாய்க்குப் பெரும்பாலும் வெறும் காய்ச்சலாகத்தான் தெரியும். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்விடலாம், கரு கலையவும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் போலோனி வழியாகப் பரவியபோது 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் நாலு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத குழந்தைகள். நினைத்தாலே மனசு பதறுகிறது.

சரி, சிகிச்சையின்போதே ஏன்? கருவை உள்ளே வைத்தபின் சோதனைக்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கர்ப்பமா இல்லையா என்று தெரியாத நாட்கள் அவை, அதனால்தான் அப்போதே நிறுத்தச் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரரும் கூடவே விட்டுவிடுவது பெரிய துணை. அவர் போலோனி நறுக்கிய அதே கத்தி, அதே பலகையில்தானே உங்களுக்குத் தக்காளியும் நறுக்குகிறீர்கள்? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர்களுக்குச் சுடச்சுட பீன்ஸ் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு நிரப்பியது) இருக்கிறது, இருவரும் பகிர்ந்து சாப்பிடுங்கள்.

‘மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் நம்பிச் சாப்பிடுகிறார்கள். லிஸ்டீரியா இருந்தாலும் வாசனையோ ருசியோ மாறாது, ஆவி பறக்கச் சூடாக்கினால்தான் அது சாகும்.