வேற்றுக்கிரக விருந்தாளிகளுக்கு முதலில் எதைக் காட்டுவது?

உங்கள் கதையில் பூமிக்கு வந்திறங்கும் வேற்றுக்கிரகவாசிகளுக்கு முதல் வாரமே பத்து சினிமா காட்டப் போவதாகச் சொல்லி, எந்தப் படங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சினிமாவையே கொஞ்சம் தள்ளிவைப்பேன்.

நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடினால் நமக்கு அசைவாகத் தெரிகிறது. நம்மைவிட வேகமான கண் உள்ளவர்களுக்கு அது விட்டுவிட்டு மின்னும் படங்களின் வரிசைதான். திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கலவையும் மனிதக் கண்ணுக்கென்றே அமைந்தது. சரி, இதையெல்லாம் தாண்டினாலும் நடிப்பை எப்படி விளக்குவீர்கள்? ஒரு படத்தில் செத்தவர் அடுத்த படத்தில் வந்து நின்றால், மனிதர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். (நல்ல காட்சி, விட்டுவிடாதீர்கள்.)

1977-இல் வாயேஜர் விண்கலங்களில், வேற்றுக்கிரகவாசிகள் யாராவது கண்டெடுக்கட்டும் என்று அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டுக்கு வானியலாளர் கார்ல் சேகன் குழு 55 மொழிகளில் வாழ்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட அசையாப் படங்கள், சுமார் 90 நிமிட இசை என்று தேர்ந்தெடுத்தது. போரை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். தூரத்துக்கு அனுப்பும் தட்டுக்கு அது பொருந்தும். நேரில் வந்தவர்களிடம் மறைத்தால் நாலு நாளில் தெரிந்துவிடும். அப்புறம் எதைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

என் தேர்வு, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த அன்றாடக் காட்சிகள்: குழந்தையைத் தூங்கவைப்பது, வாய்ச்சண்டை, இறுதிச்சடங்கு. பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். இசை அதற்குப் பிறகு, அதுவும் நம்முடைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அவர்களுக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு. நகைச்சுவைப் படங்களைக் கடைசிவரை தொடாதீர்கள்.